பாட்டில் வரும் குருகு வெறும் குருகுதானா?

பின்வரிசை:
அணி இலக்கணம் ஓரளவு தெரியும். 'போல', 'அன்ன' வந்தால் உவமை. 'மலர்முகம்' உவமை, 'முகமலர்' உருவகம். தேர்வுக்கு இது போதும். ஆனால் குறுந்தொகை 25 மாதிரி ஒரு பாட்டை எடுத்தால் திணறுகிறேன். நாங்கள் கூடியபோது வேறு யாரும் இல்லை, ஒரு குருகுதான் (நாரை போன்ற நீர்ப்பறவை) இருந்தது என்கிறாள் தலைவி. அந்தக் குருகுக்கு ஆளாளுக்கு ஒரு பொருள் சொல்கிறார்கள். பாட்டில் அது எங்கே இருக்கிறது? நாமாக ஏற்றிச் சொல்வதுதானே?

ஒற்றெழுத்து:
பிறிதுமொழிதல் அணியைப் பாருங்கள். சொல்ல வந்ததைச் சொல்லாமல், அதற்கு ஒத்த வேறொன்றை மட்டும் சொல்லிப் புரியவைப்பது. 'பீலிபெய் சாகாடும்' குறளில் அளவுக்கு மீறி மயிலிறகு ஏற்றிய வண்டியும் அதனால் முறியும் அச்சும்தான் உண்டு. அரசன், பகை என்ற பேச்சே இல்லை. ஆனாலும் வலியறிதல் அதிகாரத்தில் நிற்பதால் யாரும் குழம்புவதில்லை. இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டியதுதான்.

பின்வரிசை:
குறளுக்கு அதிகாரத் தலைப்பு இருக்கிறது. இதற்கு?

தினைப்புனம்:
அணியின் பெயரை விடுங்கள், முதலில் குருகைப் பாருங்கள். தினையின் தாள் போன்ற சிறிய பசுங்கால். ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கபிலரின் பாட்டு மொத்தமே ஐந்து அடி, அதில் பாதி இந்தப் பறவைக்குப் போய்விட்டது. தலைவன் சொன்னதைப் பொய்த்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்று தவிப்பவள் எதற்காகக் குருகின் காலை வர்ணிக்கிறாள்? இந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இருந்த ஒரே சாட்சிக்கும் கண் மீன்மேல். பார்த்திருந்தாலும் வந்து சொல்லப்போவதில்லை. இவ்வளவும் பாட்டிலேயே இருக்கிறது, நாம் எதையும் ஏற்றவில்லை.

மீனுக்குக் காத்திருக்கும் குருகுதான் தலைவன், கிடைத்ததும் பறந்துவிடுவான் என்றும் படிக்கலாம். அவனைக் 'கள்வன்' என்கிறாளே, அதனால் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஆனால் குருகு பறந்ததாகப் பாட்டில் இல்லை. முந்தையதைச் சொல்லும் உறுதியோடு இதை நான் சொல்ல மாட்டேன்.

ஒற்றெழுத்து:
சங்கப் பாட்டில் இயற்கைக் காட்சி வழியே குறிப்பாகப் பொருள் உணர்த்த உள்ளுறை, இறைச்சி என்று இரண்டு முறை சொல்வார்களே, அப்போ இது உள்ளுறையா, இறைச்சியா?

தினைப்புனம்:
அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை ஐயா.

பின்வரிசை:
சரி, ஒரு சந்தேகம். குருகு இவர்களைப் பார்க்கவில்லை. ஆனால் அதன் கால் எப்படி இருந்தது என்பதுவரை இவளுக்கு நினைவிருக்கிறது. அந்த நேரத்தில் இவள் எதற்கு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்?

தினைப்புனம்:
யாராவது இருக்கிறார்களா என்று அப்போதே சுற்றிப் பார்த்திருப்பாள். 'யாரும் இல்லை' என்று எடுத்த எடுப்பில் சொல்கிறாளே.