மறுமொழி: சைக்கிள் தடம், கோட்டுத் தடம், வரம்புத் தடம்

வணக்கம் நண்பர்களே,

வந்த மடல்கள் எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்துவிட்டேன். பதில் பிந்தியதற்கு மன்னிக்கவும், திருகோணமலையில் இரண்டு நாளாக மழை, மின்சாரம் வந்து வந்து போகிறது. ஆங்கிலத்தில் bike lane என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்வியைத் தொடக்கியவன் நான் என்பதால், ஏன் கேட்டேன் என்பதை முதலில் சொல்கிறேன். கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் இருக்கும் என் அக்கா, அங்கே நம் முதியவர்கள் கூடும் இடத்தில் கொடுப்பதற்கு ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் எழுதித் தரச் சொன்னார். ரொறன்ரோவில் புளோர், யங், யூனிவர்சிட்டி ஆகிய மூன்று வீதிகளிலும் சைக்கிளுக்கென்று ஒதுக்கிய பகுதியை அகற்ற ஒன்ராறியோ மாகாண அரசு 2024 நவம்பரில் சட்டம் போட்டது. எங்காவது ஒரு நகரம் வாகனத்துக்குரிய இடத்தை எடுத்துச் சைக்கிளுக்குக் கொடுப்பதென்றாலும் மாகாணத்திடம் கேட்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொன்னது. இதைத் தமிழில் சொல்ல உட்கார்ந்தவன் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். அகற்றப் போவதை என்னவென்று சொல்வது?

"சைக்கிள் பாதை" என்று எழுதித்தான் போனில் வாசித்தேன். அக்காவின் பக்கத்தில் இருந்த ஒரு மாமி உடனே கேட்டார்: "பாதையைப் பூட்டினா வேற ரோட்டால போகலாம்தானே தம்பி?" அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை, பிழை என் சொல்லில்தான். நடைபாதை, ஒற்றையடிப் பாதை, ரயில் பாதை என்று நாம் பாதை என்பதெல்லாம் தனியாகப் போகிற வழிகள். ரொறன்ரோவில் பிரச்சினை அப்படி ஒரு தனி வழியைப் பற்றியே இல்லை, ஒரே தார் வீதிக்குள் காருக்கு எத்தனை அடி, சைக்கிளுக்கு எத்தனை அடி என்பதுதான்.

அதனால் "மிதிவண்டிப் பாதை" என்று சென்னையிலிருந்து எழுதிய தம்பிக்கு என் முதல் மறுப்பு பாதை மேல். மிதிவண்டி நல்ல சொல், எழுத்தில் யாருக்கும் விளங்கும், ஆனால் வாயில் சென்னையிலும் சைக்கிள்தான், திருகோணமலையிலும் சைக்கிள்தான். இங்கே அரசாங்கக் கடதாசியில் மட்டும் துவிச்சக்கர வண்டி. ஈருருளி கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் மோட்டார் சைக்கிளுக்கும் இரண்டு உருளிதானே? அந்த இடத்துக்குள் வரக் கூடாததையும் சேர்த்து அழைக்கிற பெயர் நமக்கு உதவாது. துவிச்சக்கரத்திலும் அதே சிக்கல். முதியவர் ஒருவர் நின்று நிதானித்து எழுத்துக்கூட்ட வேண்டியிராத சொல் எனக்கு வேண்டும். சைக்கிள் இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஐயா ஒழுங்கை, நிரல் என்று இரண்டு சொல் தந்திருந்தார். ஒழுங்கை என்றதும் இரண்டு பக்கமும் கிடுகு வேலி போட்ட குறுக்கு வழிதான் என் கண்ணில் வருகிறது, அதுவும் தனி வழி, பாதைக்குச் சொன்ன மறுப்பு அதற்கும் பொருந்தும். நிரல் அப்படியில்லை. பள்ளிக்கூடக் கணக்கில் நிரை குறுக்கே போவது, நிரல் நெடுகப் போவது என்று படித்தோம், வீதி நெடுகப் போகிற பகுதிக்கு அது சரியாக வருகிறது. கணினிக்காரர்கள் நிரலை வேறு பொருளில் எடுத்துவிட்டார்கள் என்றாலும் "வாகன நிரல்" என்று சேர்த்து எழுதினால் யாரும் குழம்ப மாட்டார்கள். கார், பஸ் ஓடுவதற்கு அதையே வைத்துக்கொள்வோம் ஐயா. சைக்கிளுக்கு மட்டும் தடம் வேண்டும் என்கிறேன்.

காரணத்தைச் சொல்கிறேன். விடியற்காலையில் உட்துறைமுக வீதியில் நின்றால் மீன் வியாபாரிகள் சைக்கிளின் பின் கரியரில் ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியைப் பழைய டியூப்பால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். பெட்டியின் மூலையால் ஐஸ் தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஒழுகும், அது தாரில் ஒரு கோடாக விழும். ஒருநாள் அந்த ஈரக் கோட்டைப் பார்த்துக்கொண்டே என் சைக்கிளை மிதித்தேன். வீதிக் கரையிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நேராகப் போகிறது, கான் (வடிகால்) மூடி உடைந்த இடத்தில் நடு வீதிக்கு வளைகிறது, மறுபடி கரைக்கு வருகிறது, பஸ் நிற்கும் இடத்தில் காலூன்றி நின்றிருக்க வேண்டும், அங்கே மட்டும் சொட்டுகள் திட்டாகத் தேங்கிக் கிடந்தன. அதைத் தடம் என்றுதான் சொல்வோம். வண்டி போய்ப் போய் விழுந்த வழி. 2022இல் பெட்ரோல் வரிசைக் காலத்தில் நானும் ஒரு பழைய லுமாலா சைக்கிளைத் தேடி வாங்கி ஓடத் தொடங்கியபோது, ஒருவரும் சொல்லித் தராமலே இதே கோட்டில்தான் ஓடினேன்.

தடம் என்றால் வழித்தடத்தோடு குழம்பும் என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. வழித்தடம் என்றால் பஸ் எங்கிருந்து எங்கே போகிறது என்பது, சைக்கிள் தடம் வீதியின் எந்தப் பகுதி என்பது. முன்னால் நிற்கும் சொல்லே இரண்டையும் பிரித்துவிடுகிறது.

சரி, இனி எனக்கு முக்கியமான விசயம். ஒரு சொல் போதாது. ரொறன்ரோவில் அகற்றுவதா விடுவதா என்று மல்லுக்கட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரே பெயரால் பேசுகிறார்கள், ஆனால் வெறும் பெயின்ற் கோடு ஒரு வகை, காருக்கும் சைக்கிளுக்கும் நடுவே கொங்கிறீற் கட்டோ கம்பமோ வைத்தது இன்னொரு வகை. போன வருடம் நிலாவெளி வீதியில் ஒரு தனியார் பஸ் என்னை ஒதுக்கிக்கொண்டு போனபோது தார் விளிம்பால் சறுக்கிக் கீழே விழுந்தேன், முழங்காலில் நான்கு தையல். அந்த இடத்தில் வெள்ளைக் கோடு இருந்தது. பஸ் அந்தக் கோட்டின் மேலாலேயே போனது.

அதனால் பெயின்ற் மட்டும் இருந்தால் கோட்டுத் தடம். தடுப்பு இருந்தால் வரம்புத் தடம். "தடுப்புத் தடம்" என்றால் தடத்தையே மறித்துவிட்டார்கள் என்று படும். "பாதுகாக்கப்பட்ட சைக்கிள் தடம்" என்பது நீளம், போதாததற்குப் பொலிஸ் காவல் போட்டதுபோல் இருக்கிறது. தம்பலகாமத்து வயலில் நடந்தவர்களுக்கு வரம்பு என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. இங்காலத் தண்ணீர் அங்கால போகாது, ஆள் மட்டும் மேலால் நடக்கலாம். தமிழ்நாட்டு நண்பர்கள் வரப்பு என்று எழுதினாலும் எனக்குச் சம்மதம்.

கார் ஏறினால் மடங்கிவிடும் பிளாஸ்டிக் கம்பம் நட்டதை எந்த வகையில் சேர்ப்பது? லண்டன் கென்சிங்ரன் ஹை ஸ்ட்ரீட்டில் 2020இல் அப்படிக் கம்பம் நட்டுத் திறந்ததை ஏழு வாரத்தில் பிடுங்கிவிட்டார்கள். எனக்கு அது வரம்பில்லை, "கம்பத் தடம்" என்று தனியாக வைக்கலாமா என்று யோசிக்கிறேன். மற்றவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம் அகற்றல். அரசின் பக்கம் நிற்பவர்கள் வீதியை வாகனங்களுக்கு "மீட்டுக் கொடுத்தல்" என்கிறார்கள், எதிர்ப்பவர்கள் "பறித்தல்" என்கிறார்கள். பிரசுரத்தில் இரண்டும் வேண்டாம். என் அத்தான் தினமும் ஸ்காபரோவிலிருந்து நகருக்குள் கார் ஓடுகிறவர், நெரிசலில் நொந்துபோய் அகற்றட்டும் என்கிறார். நான் அவருக்கு எதிர்ப்பக்கம். ஆனால் அவரும் வாசித்துவிட்டு "சொல்லிலேயே பக்கம் சாய்ந்துவிட்டாய்" என்று சொல்லக் கூடாது. "அகற்றி வாகன நிரலாக மாற்றல்" என்று எழுதினால் என்ன நடக்கும் என்பது மட்டும் சொல்லப்படுகிறது. பதிக்க 2.7 கோடி டொலர் போனதையும், அகற்ற 4.8 கோடி ஆகும் என்று நகர அலுவலர்கள் கணக்குக் கொடுத்ததையும் அதன் கீழே போட்டுவிடலாம்.

தீர்ப்பையும் இந்தச் சொற்களில் எழுதிப் பார்த்தேன்: "2025 யூலை 30இல் ஒன்ராறியோ மேல் நீதிமன்றம், இந்த மூன்று வீதிகளின் சைக்கிள் தடங்களை அகற்றுவது சைக்கிள் ஓட்டுபவர்களின் உயிருக்கும் பாதுகாப்புக்கும் உள்ள அரசியலமைப்பு உரிமையை மீறுகிறது என்றும், அகற்றினால் நெரிசல் குறையும் என்பதற்குச் சான்று இல்லை என்றும் தீர்ப்பளித்தது. அரசு மேன்முறையீடு செய்வதாக அறிவித்தது." அந்த மாமிக்கு இதைப் போனில் வாசித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அதுக்குள்ள காரை விடப் போறாங்களோ?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை இரவு பிரசுரம் அச்சுக்குப் போகிறது. வரம்புத் தடத்துக்கு மறுப்பு உள்ளவர்கள் வியாழனுக்குள் எழுதுங்கள், கம்பத் தடத்துக்கு இதைவிட நல்ல சொல் இருந்தால் அதையும் சேர்த்து.

அன்புடன்,
உவர்மலையிலிருந்து