வளைவில் மட்டும் சக்கரம் கீழே விழுகிறது, உதவுங்கள்

மெந்தகாப் அப்பா:
வணக்கம். மகன் தமிழ்ப்பள்ளியில் 5ஆம் ஆண்டு. அறிவியல் விழாவில் ரயில் வளைவில் திரும்புவதைச் செய்து காட்ட வேண்டும். இரண்டு பிளாஸ்டிக் கப்புகளை அடிக்கு அடி ஒட்டி, சரிவான பலகையில் ஒட்டிய இரண்டு ரப்பர் ஹோஸ் மேல் உருட்டுகிறோம். வளைவு வந்ததும் வெளிப்பக்கம் சாய்ந்து விழுகிறது. சரிவைக் குறைத்தும் பார்த்தாச்சு. சனிக்கிழமை விழா.

பீடோர் பையன்:
அண்ணே, அட்டையில் வட்டம் வெட்டி உள்பக்கம் விளிம்பு வைங்க. நிஜ ரயிலில் அதுதானே பிடித்து நிறுத்துகிறது?

செந்தூல் பழைய ஆள்:
விளிம்பு கடைசிக் காவல்தான், தம்பி. திருப்புவது அதுவல்ல.

கப்புகளைப் பிரித்து வாய்க்கு வாய் ஒட்டுங்கள். நடு பருத்து, முனைகள் சிறுத்திருக்க வேண்டும்.

ரயிலில் இரு சக்கரமும் ஒரே அச்சில் இறுக்கி ஏற்றியவை. காரில் இருப்பதுபோல் இரு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. ஒன்று ஒரு சுற்று சுற்றினால் மற்றதும் ஒரு சுற்றுத்தான். ஆனால் வளைவில் வெளித் தண்டவாளம் நீளம். தண்டவாள இடைவெளி 1,000 மி.மீ. உள்ள நம் மலேசியப் பாதை செங்கோணமாகத் திரும்பினால் வெளிப்பக்கம் ஏறக்குறைய 1.7 மீட்டர் கூடுதல். வளைவு அகலமோ குறுகலோ, கணக்கு அதேதான். அதற்காகத்தான் சக்கரத்தைக் கூம்பாகக் கடைகிறார்கள், பொதுவாக 20க்கு 1 சரிவு, விளிம்புப் பக்கம் பெருத்து. வளைவில் அச்சு கொஞ்சம் வெளியே நகரும். வெளிச் சக்கரம் பெரிய விட்டத்தில் உருளும், உள்சக்கரம் சிறியதில். தானாகத் திரும்பிவிடும். உங்களுடையதில் வெளியே நகர நகர வெளிப்பக்கம் சிறுக்கிறது. விழாமல் என்ன செய்யும்?

மெந்தகாப் அப்பா:
மாற்றி ஒட்டினோம், வளைவைத் தாண்டி ஓடுகிறது ஐயா! ஆனால் ஆடி ஆடிப் போகிறது. அப்புறம் ஒரு சந்தேகம்: செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் வளைவில் ரயில் கிறீச்சென்று அலறுகிறதே, கூம்பு இருந்தும் ஏன்?

செந்தூல் பழைய ஆள்:
ஆட்டமும் கூம்பின் வேலைதான். நடுவுக்கு வரும்போது கொஞ்சம் தாண்டிவிடும், மறுபடி திரும்பும். வேகம் கூடினால் இது ஆபத்து. ஜப்பானின் அதிவேக ரயில் ஷின்கான்சென் இன்னும் தட்டையான 40க்கு 1 சரிவோடு தொடங்கியது இதனால்தான்.

சத்தத்துக்கு வருவோம். சக்கர விட்டம் 860 மி.மீ. என்று வையுங்கள். 1,000 மீட்டர் ஆர வளைவுக்கு அச்சு 5 மி.மீ. நகர்ந்தால் போதும். 200 மீட்டர் ஆரத்துக்கு 23 மி.மீ. வேண்டும், அவ்வளவு இடம் ஏது? அதற்குள் விளிம்பு தண்டவாளத்தில் முட்டிவிடும், மிச்சம் வழுக்கல். பெரும்பாலும் முன் அச்சின் உள்சக்கரம் பக்கவாட்டில் பிடித்துப் பிடித்து வழுக்கும்போது சக்கரமே மணிபோல் அதிர்கிறது. விளிம்பு உரசல் வேறு, அதற்குக் கிரீஸ் பூசுவார்கள்.

பீடோர் பையன்:
அட, நானும் விளிம்புதான் எல்லாம் என்று இருந்தேன். அண்ணே, அடிக்கு அடி ஒட்டிய ஜோடி ஒன்றையும் மேசையில் வைங்க. அதை முதலில் உருட்டி விழவிட்டால் நடுவரே காரணம் கேட்பார்.