மூன்று வருடத்தில் 11 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது, ஆயில் மாற்ற வேண்டுமா?

கைவிளக்கு:
கையில் தூக்கிப் போகிற சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர். வாங்கி மூன்று வருடம் ஆகிறது, மீட்டரில் 11 மணி நேரம்தான் காட்டுகிறது. கூட வந்த புத்தகத்தில் முதல் ஆயில் மாற்றம் 20 மணி நேரம் அல்லது ஒரு மாதம், அதற்கப்புறம் 100 மணி நேரம் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது என்று போட்டிருக்கிறது. அந்தக் கணக்குப்படி நான் இதுவரை ஆறேழு தடவை மாற்றியிருக்க வேண்டும், ஒரு தடவைகூட மாற்றவில்லை. போன மாதம் பார்த்தபோது ஆயில் தேன் நிறத்தில் பளிச்சென்று இருந்தது. நல்ல ஆயிலைக் கீழே ஊற்ற மனசு வரவில்லை.

ஓட்டைபிஸ்டன்:
மாற்றாதீர்கள். ஆயில் என்ன பாலா, வைத்திருந்தால் திரிந்து போக? ஆறு மாதம் என்று அச்சடிப்பதெல்லாம் நாளைக்கு வாரண்டி கேட்டு வந்தால் கையை விரிப்பதற்கு. என்னுடையது நாலு வருடமாக அதே ஆயிலில்தான் இருக்கிறது, கயிற்றை இரண்டு இழு இழுத்தால் பிடித்துக்கொள்ளும்.

கரிப்புகை:
டப்பாவில் மூடி வைத்த ஆயில் திரியாது, சரி. இன்ஜினுக்குள் இருக்கும் ஆயிலும் அதுவும் ஒன்றா? பெட்ரோல் எரிந்தால் தண்ணீரும் வரும், அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயிலில் இறங்கும், இன்ஜின் நன்றாகச் சூடாகி அரை மணி நேரமாவது ஓடினால் ஆவியாகிப் போய்விடும், ஆனால் எப்போதாவது ஓட்டுகிறவர்கள் செய்வது என்ன, மாதம் ஒரு தடவை லோடே போடாமல் ஐந்து நிமிடம் உறுமவிட்டு ‘ஆ, ஓடுகிறது’ என்று அணைத்துவிடுவது. அந்தத் தண்ணீர் அங்கேயே தங்குகிறது, எரியாத பெட்ரோலும் சேர்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக அமிலம் உண்டாகிறது. அதைச் சமாளிக்க ஆயிலில் கலந்திருக்கும் சரக்கு ஓடிய மணிக்கணக்கைப் பார்த்துத் தீர்வதில்லை.

ஓட்டைபிஸ்டன்:
அப்படியென்றால் ஒழுங்காக லோடு போட்டு அரை மணி நேரம் ஓட்டு என்று சொல்லுங்கள், ஆயிலை ஏன் குறை சொல்கிறீர்கள்? நான் ஓட்டும்போது பெரிய சுமையைத்தான் மாட்டுவேன்.

கரிப்புகை:
நீங்கள் ஓட்டுவீர்கள் அண்ணே, கேள்வி கேட்டவர் ஓட்டினாரா? 11 மணி நேரத்தை மூன்று வருடத்துக்குப் பிரித்துப் பாருங்கள், மாதத்துக்கு இருபது நிமிடம்கூட வரவில்லை. இன்னொன்று, இது இன்ஜினில் ஊற்றின முதல் ஆயில். புது இன்ஜின் பழகும்போது உதிர்கிற உலோகத் தூள் எல்லாம் அதில்தான் கிடக்கிறது. இந்தச் சின்ன இன்ஜின்களில் பெரும்பாலும் ஆயில் ஃபில்டரே கிடையாது, உள்ளே கரண்டி மாதிரி ஒரு துண்டுதான் ஆயிலை அள்ளித் தெளிக்கும், தூளையும் சேர்த்துத்தான். மொத்தமே அரை லிட்டர் சுமாருக்குத்தான் பிடிக்கும். அதற்கா இவ்வளவு யோசனை?

ஒயர்மேன்:
நான் பார்ப்பது கட்டடங்களில் இருக்கும் பெரிய டீசல் செட். மின்சாரம் போனால் மட்டும் ஓடும், வருடத்துக்குச் சில மணி நேரம். ஆயிலோ பல லிட்டர், அதனால் சிலர் மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பிப் பார்த்து முடிவு செய்வார்கள், மற்றவர்கள் வருடம் ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுவார்கள். அரை லிட்டருக்கு ஆய்வு என்பது கோவணத்துக்கு இஸ்திரி போடுகிற கதை.

ஓட்டைபிஸ்டன்:
முதல் ஆயிலை மாற்றட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்பதை நான் ஏற்கமாட்டேன். ஓடாத ஜெனரேட்டரைக் கொல்வது ஆயில் அல்ல, கார்பரேட்டரில் தங்கிப் பிசினாகிற பழைய பெட்ரோல். அதைப் பற்றி யாராவது வாயைத் திறந்தீர்களா?

கரிப்புகை:
திறக்கிறேன், அதில் நீங்கள் சொல்வது சரி. எப்போதாவது ஓட்டுவதற்கு வருடம் ஒரு தடவை ஆயில் மாற்றினால் போதும் என்றுதான் நானும் செய்கிறேன். ஆனால் அந்தப் பெட்ரோல் கார்பரேட்டரோடு நிற்காது. என்னுடையதில் ஃப்ளோட் ஊசி, அதாவது கார்பரேட்டர் நிரம்பியதும் பெட்ரோல் வரும் வழியை மூடுகிற ஊசி, அழுக்குப் பிடித்து மூடாமல் நின்றுவிட்டது, டேங்கின் பெட்ரோல் வால்வையும் நான் அடைக்கவில்லை, டேங்கில் இருந்தது சொட்டுச் சொட்டாக சிலிண்டர் வழியாக ஆயிலுக்குள் இறங்கிவிட்டது. ஆயில் குறைந்தால் நிறுத்தும் சென்சார் இருக்கிறதே என்று நம்பியிருந்தேன், அது அளவை மட்டும்தான் பார்க்கும், பெட்ரோல் சேர்ந்து அளவு ஏறினால் அதற்கு ஏக சந்தோஷம். கைவிளக்கு, நிறத்தை விடுங்கள். அளவு எங்கே நிற்கிறது? மோந்து பார்த்தீர்களா?

கைவிளக்கு:
இப்போதுதான் சமதரையில் வைத்து, குச்சியைத் திருகாமல் விட்டுப் பார்த்தேன். மேல் கோட்டையும் தாண்டி நிற்கிறது. பெட்ரோல் வாடை மூக்கில் அடிக்கிறது. சூடாக்கிவிட்டு வடித்தால் நன்றாக இறங்கும் என்பார்களே, ஐந்து நிமிடம் ஓட்டட்டுமா?

கரிப்புகை:
ஐயோ, ஓட்டாதீர்கள்! மற்ற நேரத்தில் அது சரி, இப்போது ஜில்லென்றே வடியுங்கள்.

ஓட்டைபிஸ்டன்:
கயிற்றைத் தொடவே வேண்டாம். பெட்ரோல் வால்வை அடைத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வைத்து வடியுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. ஊசியைச் சுத்தம் செய்யாமல் புது ஆயில் ஊற்றினால் அதுவும் இதே கதிதான்.

கைவிளக்கு:
வடித்தாயிற்று. தண்ணீர் மாதிரி கொட்டியது. டார்ச் அடித்தால் அடியில் ஜிகினா மாதிரி மினுங்குகிறது. ஊசிக்கு நாளைக்கு ஆள் வருகிறார்.

ஓட்டைபிஸ்டன்:
சரி, என்னுடையதையும் ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு வருகிறேன்.