கரண்ட் போய் வந்தால் என்எஃப்எஸ் போல்டர் வருவதில்லை, கையால் மவுண்ட் செய்தால் வருகிறது

கல்லடி_வகுப்பு:
கல்லடியில் சின்னதாக ஒரு கணினி வகுப்பு நடத்துகிறேன். டெபியன் 12 போட்ட ஆறு மெஷின், ஒரு சேர்வர், பிள்ளைகளின் பயிற்சி எல்லாம் என்எஃப்எஸ் (சேர்வரில் உள்ள போல்டரை நெட்வேர்க் வழியாக மற்ற மெஷின்களில் காட்டும் முறை) வழியாக சேர்வரில். சும்மா ரீஸ்டார்ட் செய்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. மாரியில் கரண்ட் போய்ப் போய் வருகிற நாட்களில்தான் நாலு மெஷினில் போல்டர் வெறுமையாகக் கிடக்கிறது. லொக்கில் சேர்வரின் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று இருக்கிறது. 'மவுண்ட் -ஏ' (பட்டியலில் உள்ளவற்றை எல்லாம் மவுண்ட் செய்யும், அதாவது இணைக்கும் கட்டளை) கொடுத்தால் உடனே வருகிறது. போன கிழமை ஒரு பிள்ளை இரண்டு மணித்தியாலம் இருந்து செய்த வேலையைக் காணவில்லை, அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். தெரிந்தவர்கள் சொல்லுங்க.

அக்கரைப்பற்று_பொடியன்:
எஃப்எஸ்டேபில் (எதை எங்கே மவுண்ட் செய்வது என்று எழுதும் பைல்) அந்தப் போல்டரின் வரியில் _நெட்டெவ் (இது நெட்வேர்க் தேவைப்படும் மவுண்ட் என்ற குறிப்பு) சேர்த்துப் பாருங்க அண்ணா.

களுவாஞ்சிகுடி:
தம்பி, அது ஐஸ்கஸி டிஸ்க் (நெட்வேர்க் வழியாக வரும் டிஸ்க்) மாதிரியானவற்றுக்குத்தான் தேவை. வகை என்எஃப்எஸ் என்று இருந்தாலே சிஸ்டம்டி (பூட்டாகும்போது எல்லாவற்றையும் தொடக்கிவைக்கும் புரோகிராம்) அதை நெட்வேர்க் மவுண்ட் என்று எடுத்துக்கொள்ளும்.
கரண்ட் போனால்தான் வரவில்லை என்றீங்களே, விஷயம் அங்கேதான் இருக்கு. கரண்ட் வந்ததும் ரவுட்டரும் மெஷினும் ஒன்றாக எழும்பும், எஸ்எஸ்டி போட்ட மெஷின் முந்திவிடும். நெட்வேர்க்மேனேஜர்-வெயிட்-ஒன்லைன் என்ற சேவை இணைப்பு வரும்வரை காத்திருக்கும் என்று நாம் நினைப்போம், ஆனால் கேபிளின் அந்தப் பக்கம் உயிரில்லை என்றால் சில செக்கனிலேயே தன் வேலை முடிந்தது என்று ஒதுங்கிவிடும். பெயர் கிடைக்காத மவுண்டும் அங்கேயே கைவிடும், பிறகு யாரும் திரும்ப முயல்வதில்லை.
ஆகவே பூட்டில் மவுண்ட் செய்வதையே விடுங்க. அந்த வரியில் 'எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்' சேருங்க, போல்டரைத் திறக்கும்போதுதான் மவுண்ட் ஆகும், அப்போது கிடைக்காவிட்டால் அடுத்த தடவை திறக்கும்போது மறுபடி முயலும். சேர்வரின் ஐபியை நிலையாக வைத்து ஒவ்வொரு மெஷினின் ஹோஸ்ட்ஸ் பைலிலும் (எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று வைக்கும் பைல்) எழுதிவிடுங்க.
அந்தப் பிள்ளையின் பைல் அழிந்திருக்காது. வெறும் போல்டரில் சேமித்திருப்பாள், அதற்கு மேலே நீங்க மவுண்ட் செய்ததால் மறைந்திருக்கும். எதையும் மாற்ற முன் அவள் இருந்த மெஷினில் யூமவுண்ட் செய்து (மவுண்டைக் கழற்றி) பாருங்க. எடுத்த பிறகு அந்த வெறும் போல்டருக்கு 'சேட்டர் +ஐ' கொடுத்தால் இனி யாராலும் அதில் எழுத முடியாது.

கல்லடி_வகுப்பு:
அண்ணா, பைல் அங்கேயே இருந்தது! பிள்ளையின் அம்மாவுக்கு உடனே கோல் எடுத்துச் சொல்லிவிட்டேன். நீங்கள் சொன்னது போலவே அந்த நாலும் எஸ்எஸ்டி மெஷின்தான். ஆறிலும் வரியை மாற்றி, பிரேக்கரை மூன்று முறை இறக்கி ஏற்றிப் பார்த்தேன், எல்லாவற்றிலும் வருகிறது. சேர்வர் எழும்ப முன் திறந்தால் கொஞ்சநேரம் அப்படியே நிற்கிறது, அது எனக்குப் பரவாயில்லை.