தள்ளுபடிக் கூட்டத்தில் அடித்துப் பிடித்து வாங்குவது உண்மையிலேயே லாபமா?

நிலாமுற்றம் (கேள்வி):
பண்டிகை நெருங்கினாலே இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. "கதவு திறக்கும் முன்பே வரிசையில் நின்றால்தான் நல்லது கிடைக்கும்" என்று கிளம்புகிறவர்கள் ஒரு பக்கம். "விலையை ஏற்றி வைத்துத்தான் இறக்கிக் காட்டுகிறார்கள், எல்லாமே ஏமாற்று" என்று அந்தத் திசையே எட்டிப் பார்க்காதவர்கள் இன்னொரு பக்கம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தள்ளுபடி நிஜமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நெரிசலில் எதில் கவனமாக இருக்க வேண்டும்? துணி, செருப்பு, டிவி வாங்கும்போது எங்கே கோட்டை விடுகிறோம்? "உஷாரா இருங்க" என்பதோடு நிறுத்திவிடாமல் கொஞ்சம் விவரமாக எழுதினால் நன்றாக இருக்கும்.

பேரேடு:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். சதவீதம் எவ்வளவு என்பதைவிட, அது எந்த விலையிலிருந்து கழிகிறது என்பதுதான் முக்கியம். கோடு போட்டு அடித்த பழைய விலையில் அந்தப் பொருள் ஒரு வாரமாவது விற்றிருக்குமா என்று சந்தேகப்படுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்காகவே ஒரு விதி கொண்டுவந்தார்கள். 2022 மே 28 முதல், தள்ளுபடி அறிவிக்கும் கடை அதற்கு முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும். அட்டையில் போடும் சதவீதத்தையும் அந்த விலையை வைத்தே கணக்கிட வேண்டும் என்று 2024-இல் அங்குள்ள நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படி விதி இல்லாத இடத்தில் அந்த வேலையை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். வாங்க நினைக்கும் ஐந்தாறு பொருட்களின் விலையை, விற்பனை தொடங்க ஆறு வாரம் இருக்கும்போதே வாரம் ஒரு முறை குறித்து வையுங்கள். ஆன்லைன் என்றால் திரையைப் படம் பிடித்து வைத்தால் போதும்.

அடுத்தது கணக்கு. "50% + கூடுதலாக 20%" என்றால் 70% இல்லை. 100 என்பது 50 ஆகி, அந்த 50-இல் 20% குறைந்து 40-இல் நிற்கும். ஆக 60%. "ஒன்று வாங்கினால் இரண்டாவது பாதி விலை" என்பது 25%. "இரண்டுக்கு ஒன்று இலவசம்" என்பது 33%, அதுவும் மூன்றும் தேவைப்பட்டால். "1000-க்கு வாங்கினால் 200-க்கு கூப்பன்" என்பதை 20% என்று எண்ணாதீர்கள். 1200 மதிப்புள்ள பொருளுக்கு 1000 கொடுக்கிறீர்கள், அதனால் 16.7%தான். கூப்பனுக்காக மறுபடி கடைக்குப் போய் அதற்கு மேல் செலவழித்தால் அதுவும் கரைந்துவிடும்.

கடைத்தளம்:
டிவி பற்றி. விற்பனைக் காலத்துக்கென்றே தனியாகத் தயாரிக்கும் மாடல்கள் உண்டு. பெயரும் பார்வையும் வழக்கமான மாடல் போலவே இருக்கும். மாடல் எண்ணின் கடைசியில் ஓர் எழுத்தோ இலக்கமோ மட்டும் மாறும். செட்-டாப் பாக்ஸ் போன்றவற்றின் கேபிளைச் செருகும் எச்டிஎம்ஐ துளைகள் குறைவாக இருக்கலாம், நொடிக்கு 120 முறை படம் புதுப்பிக்கும் 120 ஹெர்ட்ஸ் திரைக்குப் பதில் 60 ஹெர்ட்ஸ் திரை இருக்கலாம், பின்னொளியும் மட்டமாக இருக்கலாம். அலமாரியில் இருக்கும் அட்டையை நம்ப வேண்டாம். பெட்டியில் அச்சிட்ட முழு மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை தேடிப் பாருங்கள். அந்த எண்ணை வேறு எந்தக் கடையிலும் காணோம் என்றால், விலையை ஒப்பிட நமக்கு வழியே இல்லாத பொருள் அது.

துணிக்கு ஒரு நிமிடம் ஒதுக்கினால் போதும். தையலின் இரு பக்கமும் கட்டைவிரல்களை வைத்து மெதுவாக இழுங்கள். ஊசித் துளைகள் வாய் பிளந்து நூல் ஏணிப்படி போலத் தெரிந்தால், நாலு துவைப்பில் அந்த இடம் விட்டுப்போகும். துணியைத் துணியோடு உரசிப் பாருங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் கஞ்சியால் கனம் காட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம், முதல் துவைப்பிலேயே தொளதொளத்துவிடும். ஈரக் கைக்குட்டையின் ஒரு மூலையால் உள்மடிப்பைத் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்பதும் தெரிந்துவிடும். நெரிசலில் இதையெல்லாம் செய்ய யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. கழித்துவிட வேண்டிய சரக்கு அப்படித்தான் நம் தலையில் வந்து விடிகிறது.

பில்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெப்பத்தில் அச்சாகும் காகிதம் சில மாதங்களில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள். மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கிளியரன்ஸ் சரக்குக்கு விதி பெரும்பாலும் வேறாக இருக்கும்.

அகலவாசல்:
நெரிசலை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2008 நவம்பர் 28 விடியற்காலையில், நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் ஒரு பெரிய கடையின் வாசலில் சுமார் 2000 பேர் முண்டியடித்ததில் கதவு பெயர்ந்து, கடை ஊழியர் ஒருவர் மிதிபட்டு இறந்தார். அதன் பிறகு அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை கடைகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. வரிசை வாசலை ஒட்டித் தொடங்கக் கூடாது, தடுப்புகளில் வளைவும் இடைவெளியும் வேண்டும், வந்த வரிசைப்படி எண் போட்ட சீட்டோ கைப்பட்டையோ தர வேண்டும், அவசர வழிகளைப் பூட்டவோ மறைக்கவோ கூடாது. நீங்கள் போகும் கடையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை, வாசலில் கூட்டம் மட்டும் விசிறி போலப் பரவி நிற்கிறது என்றால் அங்கே நிற்க வேண்டாம். எந்தத் தள்ளுபடியும் அதற்கு ஈடாகாது.

ஒரு சதுர மீட்டரில் நாலு பேர் வரை நம் காலை நாம் விரும்பும் இடத்தில் வைக்க முடியும். ஆறு பேரைத் தாண்டினால் கூட்டம் தண்ணீர் போல அலையடிக்கும், தனி ஆளால் எதுவும் செய்ய முடியாது. இத்தகைய நெரிசல்களில் பலர் நின்றபடியே மூச்சு முட்டி இறக்கிறார்கள், நெஞ்சு விரிய இடமில்லாததுதான் காரணம். தோள்கள் இரு பக்கமும் ஒரே நேரத்தில் இடிபடத் தொடங்கினாலே வெளியேறும் நேரம் வந்துவிட்டது. குத்துச்சண்டைக்காரர் போல இரு கைகளையும் நெஞ்சுக்கு முன் மடக்கி வையுங்கள். எதிர்த்துத் தள்ளாதீர்கள். அலை ஓயும் இடைவெளியில் குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள். கீழே விழுந்தது போன் ஆனாலும் குனியாதீர்கள். திறப்பு நேரத்துக்குக் குழந்தைகளை அழைத்துப் போகவே வேண்டாம்.

தாழம்பூ:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் கூட்டத்தில் நிற்பவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சிலர் ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டுக்குத் தேவையான பெரிய பொருளை ஆண்டுக்கு ஒரு முறை, விலை இறங்கும்போது மட்டுமே வாங்க முடிகிற குடும்பங்கள் ஏராளம். அவர்கள் போடும் கணக்கு நம்மில் பலர் போடுவதைவிடக் கறாரானது.

அதே சமயம், மனசு எப்படி வேலை செய்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பொருளால் வரும் பயன் வேறு, "இவ்வளவு குறைத்து வாங்கிவிட்டேன்" என்கிற மகிழ்ச்சி வேறு என்று பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 1985-இலேயே பிரித்துக் காட்டினார். இரண்டாவது மகிழ்ச்சி பில் போடும் இடத்திலேயே தீர்ந்துவிடும். 1975-இல் நடந்த ஒரு சோதனையில் ஒரே பிஸ்கட்டைச் சிலருக்குப் பத்து இருக்கும் ஜாடியிலும், சிலருக்கு இரண்டே இருக்கும் ஜாடியிலும் கொடுத்தார்கள். இரண்டே இருந்த ஜாடியில் எடுத்தவர்களுக்கு அது கூடுதலாகப் பிடித்திருந்தது. கண் எதிரிலேயே பத்து இரண்டாகக் குறைந்தபோது ஆசை இன்னும் ஏறியது. "கடைசி 3 மட்டுமே" என்ற அட்டை நம்மிடம் செய்வதும் இதையேதான். அதனால் பொருளின் பெயரையும் அதற்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம் என்பதையும் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். சீட்டில் இல்லாத எதையும் அன்று தொட வேண்டாம்.

நிலாமுற்றம்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. செருப்பு, ஷூ விட்டுப்போச்சே? பழைய ஸ்டாக் என்று பாதி விலைக்குக் குவித்து வைத்திருக்கிறார்களே, அதை நம்பி வாங்கலாமா?

கடைத்தளம்:
அடிப்பாகம் எதனால் ஆனது என்று முதலில் பாருங்கள். பாலியூரித்தேன் நுரை (அடிப்பாகத்துக்குப் போடும் மெத்தென்ற ஒரு வகைப் பிளாஸ்டிக்) காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துத் தானாகவே சிதையும். ஐந்தாறு ஆண்டு பெட்டிக்குள்ளேயே இருந்த ஷூ, ஒரு நாள்கூடப் போடாமலே பொடிந்துபோகும். கயிற்றுக்கு அடியில் இருக்கும் நாக்குப் பகுதியின் உட்புற லேபிளில் தயாரித்த மாதம் இருக்கிறதா என்று தேடுங்கள். பக்கவாட்டு நுரையை நகத்தால் அழுத்துங்கள். பிசுபிசுத்தாலோ மாவு போல உதிர்ந்தாலோ வைத்துவிடுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் ஷூவை வளைத்து, மயிரிழை வெடிப்பு தெரிகிறதா என்றும் பாருங்கள். வாங்கிய பிறகு மாற்றும் கெடு முடிவதற்குள், வீட்டுத் தரையில் ஒரு மணி நேரம் போட்டு நடந்து பாருங்கள். பசை விட்டுப்போனால் தைத்தோ ஒட்டியோ சரிசெய்துவிடலாம். நுரை பொடிந்ததற்கு வைத்தியம் கிடையாது.