‘பிரைன் ரிஜெக்‌ஷன்’: தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

கடற்பனி (கடல்நீர் உறைந்து உண்டாகும் பனிக்கட்டி) பற்றிய ஒரு கையேட்டைக் கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்காக மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். எல்லாம் முடிந்து ஒரே ஒரு சொல் இழுத்துக்கொண்டு நிற்கிறது: ‘பிரைன் ரிஜெக்‌ஷன்’.

பனிக்கட்டியில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் பக்கத்திலுள்ள நான்கு மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கோத்து நிற்கிறது. அந்த அறுகோண அமைப்புக்குள் சோடியம் அயனிக்கும் குளோரைடு அயனிக்கும் இடமில்லை. கடல்நீர் சுமார் −1.8 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும்போது நீர் மட்டும் படிகத்தில் போய்ச் சேர்கிறது, உப்பு மிச்சமிருக்கும் நீரிலேயே தங்கிவிடுகிறது. இதற்குத்தான் பெயர் வேண்டும். இப்போதைக்கு ‘உவர்நீர் வெளியேற்றம்’ என்று போட்டிருக்கிறேன். கையேடு முழுக்க வருகிற சொல் என்பதால், மாற்றுவதென்றால் இப்போதே மாற்ற வேண்டும்.

— க.

---

> இப்போதைக்கு ‘உவர்நீர் வெளியேற்றம்’ என்று

வேண்டாம் அம்மா. அந்தச் சொல் வேறொன்றுக்குத் தேவைப்படும். கடற்பனிக்குள் சிறைப்பட்ட உவர்நீர், பிறகு நுண்கால்வாய்கள் வழியாக மெல்லக் கீழே வடிகிறது. அது தனி நிகழ்வு, ‘வெளியேற்றம்’ அதற்குத்தான் பொருந்தும். உறையும் நொடியில் எதுவும் வெளியேறுவதில்லை.

நடப்பது இதுதான். பனி முகப்புக்கு, அதாவது பனி நீரைத் தொட்டு வளரும் விளிம்புக்கு, முன்னால் உப்பு சேரச் சேர அந்த மெல்லிய அடுக்கின் உறைநிலை இறங்குகிறது. நீரில் வெப்பம் பரவும் வேகம் உப்பு பரவும் வேகத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல். அதனால் குளிர் முன்னே போய்விடும், உப்பு நகராமல் தேங்கிக் கிடக்கும். முகப்பில் எங்காவது ஒரு சிறு மேடு தற்செயலாக நீட்டினால் போதும், அதன் நுனி உப்புக் குறைந்த நீரைத் தொட்டு இன்னும் வேகமாக வளரும். தட்டையான முகப்பு நிலைகுலைந்து மெல்லிய தகடுகளாகப் பிரியும். இந்த நிலைகுலைவுக்கு மல்லின்ஸ், செகர்கா என்ற இரு இயற்பியலாளர்கள் 1960களில் கணிதம் எழுதினார்கள். கடற்பனியில் அந்தத் தகடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுதான். உப்பில் பாதி அங்கேயே மாட்டிக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டாலும் ‘வெளியேற்றம்’ பொய்யாகிவிடும்.

என் பரிந்துரை ‘உப்பு ஒதுக்கம்’.

— செ.

---

செ. ஐயா, ‘ஒதுக்கம்’ என்றால் என் மாணவர்கள் நிதி ஒதுக்கீட்டைத்தான் நினைப்பார்கள். இல்லையென்றால் ஊரை விட்டு ஒதுக்கி வைத்தல். வகுப்பில் அந்தச் சொல்லை நான் யோசித்துத்தான் உச்சரிப்பேன்.

தூத்துக்குடிப் பக்கம் ஐஸ் பாரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தகர டப்பாவில் நல்ல தண்ணீரை ஊற்றி, குளிர்ந்த உப்புநீர்த் தொட்டிக்குள் இறக்குவார்கள். சுவரிலிருந்து உள்நோக்கி உறையும். பாரை உடைத்துப் பார்த்தால் ஓரமெல்லாம் கண்ணாடி, நடுவில் மட்டும் பால் வெள்ளை. கரைந்திருந்த காற்றும் உப்புகளும் கடைசியில் உறைந்த நடுப்பகுதிக்குத் தள்ளப்பட்டுச் சேர்ந்திருக்கும். ஐஸ் தள்ளியது, அவ்வளவுதான். ‘உப்புத் தள்ளல்’ என்று போடுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

— மு.

---

குழுவினருக்கு வணக்கம்.

இத்தனை பேர் இருந்தும் ‘ஒருவுதல்’ யாருக்கும் நினைவு வரவில்லையே என்பது எனக்கு வருத்தம். ஒருவு என்றால் நீங்கு, விலக்கு. ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’ என்று தொல்காப்பியர் எச்சவியலில் சொல்வது எதை? வடமொழிச் சொல் தமிழுக்குள் வரும்போது வடவெழுத்தை விட்டுவிட்டு வர வேண்டும் என்பதை. நீர் படிகமாகும்போது உப்பை விடுவதும் அதே செயல்தான். வள்ளுவர் ‘தீதொரீஇ நன்றின்பால் உய்ப்பது அறிவு’ என்கிறார் (422). இவ்வளவு துல்லியமான வினை கையில் இருக்க, தள்ளல் எதற்கு, ஒதுக்கல் எதற்கு? ‘உவரொருவல்’ என்று ஆளுங்கள்.

அப்படியே இன்னொன்று. ‘பனிக்கட்டி’யும் சரியில்லை. பனி நமக்குக் குளிர், மூடுபனி, முன்பனி பின்பனிக் காலம். வானிலிருந்து கட்டியாக விழுவதைச் சங்கப் புலவர்கள் ‘ஆலி’ என்றார்கள், ‘ஆலங்கட்டி’யில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘ஆலிப்படிகம்’ என்று எழுதலாம்.

— புலவர் த.

---

> ‘ஆலிப்படிகம்’

இங்கு யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்தது ‘பளிங்கு’. அயனியும் எங்களுக்கு ‘அயன்’. கலைச்சொல் செய்யும்போது கடலுக்கு இந்தப் பக்கத்தையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கோ. புலவர் ஐயா வடவெழுத்தை ஒருவச் சொல்லிவிட்டு ‘படிகம்’ என்று எழுதுகிறார். அது ‘ஸ்படிகம்’ அல்லவா?

— ந.

---

ஸ்படிகத்தின் ஸகரத்தை ஒருவியதால்தான் அது படிகம். தொல்காப்பியர் சொன்னபடியே நடந்திருக்கிறது. கரைசலிலிருந்து படிவதால் ‘படி’ என்ற நம் வேரோடும் அது ஒட்டிக்கொண்டது.

— புலவர் த.

---

ஒலி ஒத்திருப்பதால் வேர் ஒன்றாகிவிடாது, ஐயா. பளிங்கா படிகமா என்பதைத் தனி இழையில் பேசலாம். இங்கே வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

‘ஒரீஇ’ வினையெச்சம், தலைப்பில் நிற்காது. ‘ஒருவல்’ தொழிற்பெயர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘உவரொருவல்’ என்று படிக்கும் பிள்ளை ‘ஒருவர்’ என்பதன் அச்சுப்பிழை என்றுதான் நினைக்கும்.

மு. அம்மாவின் ‘தள்ளல்’ எளிமையானது. ஐஸ் பார் உதாரணத்தை அப்படியே கையேட்டில் சேர்க்கச் சொல்வேன். ஆனாலும் பனி உப்பைத் தள்ளவில்லை. அது நீரை எடுத்துக்கொள்கிறது, உப்பு இருந்த இடத்திலேயே செறிகிறது. சாதாரண உப்புக் கரைசலைக் குளிரவைத்துக்கொண்டே போனால் மிச்ச நீரில் உப்பு ஏறிக்கொண்டே வரும். சுமார் −21 டிகிரியில், எடையில் 23 விழுக்காட்டை ஒட்டிய செறிவில், மிச்சமும் மொத்தமாக உறையும். அப்போதும் உப்பு பனிக்குள் நுழையாது. ஓர் உப்புக்கு இரண்டு நீர் என்ற கணக்கில் தனிப் படிகமாகப் பனியை ஒட்டி நிற்கும். கடைசிவரை ஒதுங்கியே இருக்கிறது.

‘ஒதுக்கம்’ என்றால் யாரோ ஒதுக்கினார்கள் என்று மு. அம்மா எடுத்துக்கொண்டார். இறங்கு–இறக்கம், அடங்கு–அடக்கம் போல ஒதுங்கு–ஒதுக்கம். தன்வினையிலிருந்து வந்த பெயர். உப்பு ஒதுங்குகிறது, அவ்வளவே. ‘ஒதுக்கீடு’ வேறு சொல், குழம்ப வேண்டியதில்லை.

— செ.

---

தன்வினை விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. ‘உப்பு ஒதுக்கம்’ என்றே போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் ‘நீர் உறையும்போது உப்பு படிகத்துக்கு வெளியே ஒதுங்கி நிற்பது’ என்று ஒரு வரி விளக்கம். ‘உவர்நீர் வடிதல்’ பிந்தைய நிகழ்வுக்கு. ஐஸ் பார் பத்தியும் சேர்கிறது, மு. அம்மாவுக்கு நன்றி.

அப்புறம் இன்னொரு சந்தேகம். மரம்போலக் கிளைவிட்டு வளரும் படிகமான ‘டென்ட்ரைட்’டுக்கு ‘கிளைப்படிகம்’ என்று வைத்திருக்கிறேன். மிகைக்குளிர்ந்த (உறைநிலைக்குக் கீழே போயும் இன்னும் உறையாத) தூய நீரிலும் அது ஆறு கிளைகளோடு வளர்கிறது, ஆனால் அங்கே காரணம் உப்பு அல்ல, உறையும்போது வெளிப்படும் வெப்பம் கூர்மையான நுனியிலிருந்து எளிதில் விலகிப் போவது. இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

— க.

---

போதும். வடிவத்துக்குத்தானே பெயர், காரணத்துக்கு அல்ல.

— செ.

---

‘ஒதுக்கம்’ பற்றிய என் தயக்கம் போகவில்லை. அச்சுக்குப் போகட்டும், நான் தடுக்கவில்லை. என் வகுப்பில் தள்ளல் என்றுதான் சொல்வேன்.

— மு.

---

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் கையேட்டின் பின்னிணைப்புச் சொல்பட்டியலில் ‘உப்பு ஒதுக்கம்’ என்பதை ஒட்டி ‘உவரொருவல்’ என்பதையும் மாற்றுச் சொல்லாகப் போட வேண்டும். உமணர் மாட்டுவண்டியில் உப்பு ஏற்றிப் போன காலத்து வினை அது. அச்சில் ஒரு முறையாவது நிற்கட்டும். ‘ஆலி’க்கு நாளை தனி இழை தொடங்குகிறேன், சான்றுகளோடு.

— புலவர் த.