கடல் தெரியாத பால்கனி: பெரிய கப்பலா, சின்னக் கப்பலா? உங்கள் அனுபவம் என்ன?

அலைகடல்

மூன்று மாதமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது, எழுதிவிடுகிறேன். மியாமியிலிருந்து கரீபியன், ஏழு நாள். ஐயாயிரத்துச் சொச்சம் பேர் ஏறுகிற ரகம். அம்மாவுக்கு 71 வயது, வாழ்க்கையில் முதல் கப்பல். கடல் பார்க்கட்டும் என்று பால்கனி அறை போட்டேன்.

முதல் நாள் அலுப்பில் திரையைக்கூட விலக்காமல் படுத்துவிட்டோம். விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து பார்த்தால் அம்மா பால்கனியில் நின்றுகொண்டிருக்கிறார். குளித்து, நெற்றியில் விபூதி இட்டு, சூரிய நமஸ்காரத்துக்குத் தயாராக. திரும்பி என்னைப் பார்த்து, "கடல் எங்கடா?" என்றார்.

கடல் இல்லை. அந்த பால்கனி கப்பலின் வயிற்றுக்குள் இருக்கிற தோட்டத்தைப் பார்த்தது. கீழே நிஜச் செடி, நிஜ மரம், பெஞ்சு. எதிரே நம்முடையதைப் போலவே வரிசை வரிசையாக பால்கனிகள். ஒன்றில் பனியன் போட்ட ஒருத்தர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நம்ம அண்ணா நகர் ஃபிளாட்ல எதிர் பிளாக் தெரியுற மாதிரியே இருக்கு" என்று சொல்லி உள்ளே வந்துவிட்டார்.

தப்பு என்னுடையதுதான். விலை குறைவாக இருக்கிறதே என்று பார்த்தேன், எந்தப் பக்கம் பார்க்கிற பால்கனி என்று படிக்கவில்லை. மீதி ஆறு நாளும் அம்மா குறை சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. சாப்பாடு பிரமாதம், பேரப்பிள்ளைகள் சறுக்குமரத்தை விட்டு இறங்கவே இல்லை, எல்லாம் சரி. ஆனால் கம்பெனிகள் இந்தப் பூதங்களைக் கட்டுகிற வேகத்தைப் பார்த்தால், கூடவே சின்னதையும் கட்டுவார்களா, இல்லை அது அவ்வளவுதானா? போனவர்கள் சொல்லுங்கள்.

மூணாம்_டெக்

பதினொரு வருஷம் கப்பலில் வேலை பார்த்தவன். முதலில் கேபின் ஸ்டூவர்ட், அப்புறம் டைனிங். இரண்டு ரகத்திலும் இருந்திருக்கிறேன். சின்னக் கப்பல் என்றால் குடும்பம் மாதிரி என்று எழுதுகிறவர்கள் ஒருமுறையாவது குளிர்காலத்தில் பிஸ்கே விரிகுடாவைத் தாண்டிப் பார்க்கட்டும்.

நான் இருந்தது 700 பேர் ஏறுகிற கப்பல், முப்பதாயிரம் டன். ஒரு ராத்திரி ஆட ஆரம்பித்தது. டைனிங் ஹாலில் எட்டு மேஜையில்தான் ஆள். மற்றவர்கள் எல்லாம் அறைக்குள். எங்கள் வேலை, தட்டில் பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு கதவு கதவாகத் தட்டுவது. குமட்டலுக்குக் கப்பல்காரர்களின் கைவைத்தியம் அதுதான். ஒரு கையில் தட்டு, இன்னொரு கை சுவர்க் கம்பியில், என் பாக்கெட்டில் எனக்கே ஒரு காகிதப் பை. 6-ஆம் மாடியில் ஒரு பாட்டி கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். ஆப்பிளை எடுத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "உனக்குத்தான் வேணும் போல" என்கிற மாதிரி தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த ஆப்பிளைப் படிக்கட்டில் உட்கார்ந்து தின்றேன். இப்போதும் பச்சை ஆப்பிளைப் பார்த்தால் வயிறு புரளுகிறது.

பெரிய கப்பலும் ஆடும், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. அம்மாவைப் பெரிய கப்பலில் கூட்டிப்போனது சரியான முடிவுதான் அலைகடல், அறை மட்டும்தான் தப்பு.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜனவரியில் ஓட ஆரம்பித்த ஐகான் ஆஃப் த சீஸ் கிட்டத்தட்ட இரண்டு லட்சத்து ஐம்பதாயிரம் டன், 365 மீட்டர் நீளம். அறைக்கு இரண்டு பேர் என்றால் 5,610 பயணிகள், ஊழியர்கள் 2,350. நான் இருந்த கப்பலில் 700 பேருக்கு நாங்கள் கிட்டத்தட்ட 400. ஒரு பயணிக்கு எவ்வளவு சம்பளம் போகிறது என்று வகுத்துப் பாருங்கள். கேப்டன் இரண்டிலும் ஒருத்தர்தான். இதில் எந்தக் கம்பெனி சின்னதைக் கட்டும்?

வெள்ளவத்தை_லண்டன்

மூணாம்_டெக் சொல்கிற கணக்கு கம்பெனிக்குச் சரி. பயணிக்கு வேறு கணக்கு இருக்கு.

சனம் நெரிசலில் நிக்கக்கூடாது என்றே 600 பேர் கப்பல் பார்த்து, ஏறக்குறைய இரண்டு மடங்கு காசு குடுத்து எடுத்தனாங்கள். அப்பாவுக்கு 74, முழங்கால் சரியில்லை. கிரீஸ் நாட்டுத் தீவு சன்ரோரினி பெரிய எதிர்பார்ப்பு. தெரிந்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஊருக்குக் கீழே கப்பல் கட்ட இடமில்லை. எரிமலைப் பள்ளத்துக்குள்ளே கப்பல் நிக்கும், சின்ன படகில் பழைய துறைக்குக் கொண்டுவந்து விடுவாங்கள். அங்கேயிருந்து மேலே ஃபீரா ஊருக்கு கேபிள் கார், இல்லை கழுதை, இல்லை கிட்டத்தட்ட 600 படி.

போகும்போது பிரச்சினை இல்லை. திரும்பி வரும்போது மேலே கேபிள் கார் வரிசை தெருவைச் சுத்திப் போய் நகைக்கடை வாசலில் முடியுது. இரண்டு மணித்தியாலம். அப்பா ஒரு கடைப் படியில் இருந்தார், கடைக்காரர் எழுப்பிவிட்டார், பிறகு அடுத்த படி. அங்கேயிருந்து கீழே பார்த்தால் தண்ணியில் நாலு பெரிய கப்பல், நடுவில் எங்கட கப்பல் விளையாட்டுச் சாமான் மாதிரி. அப்பா அதைக் காட்டிக் கேட்டார்: "தம்பி, நாங்கள் அந்தச் சின்னனுக்குத்தானே காசு கட்டினது? பிறகு ஏன் இந்தப் பெரிசுகளின்ர கியூவில நிக்கிறம்?"

எனக்குப் பதில் இல்லை. கப்பலுக்குள்ளே 600 பேர்தான். ஊருக்குள்ளே எல்லாரும் ஒன்றுதான். ஆகவே சின்னக் கப்பல் கட்டுவது மட்டும் காணாது, பெரிய கப்பல் போகாத துறைக்கு அதைக் கொண்டுபோக வேணும். இல்லாட்டி நாலு பெரிசோடு ஐந்தாவதாக ஒரு சின்னன், அவ்வளவுதான். சன்ரோரினியில் ஒரு நாளைக்கு 8,000 பேர் என்று ஒரு கட்டுப்பாடு இருக்கு. அந்த ஊருக்கு எண்ணாயிரம் எவ்வளவு என்று அந்தக் கியூவில் நின்றவனைக் கேளுங்கோ.

பயணப்பித்தன்

நான் சென்னையிலிருந்து மூன்று நாள் போனேன். இரண்டாம் நாள் வாந்தி. அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் இங்கே எல்லாரும் அடிப்படைத் தப்பு செய்கிறீர்கள், சொல்லாமல் இருக்க முடியவில்லை. வயசானவர்களை அழைத்துப்போகிறவர்கள் முதலில் கப்பலின் நடுப்பகுதியில், கீழ் மாடியில் அறை கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. மேல் மாடி, முன் மூக்கு வேண்டவே வேண்டாம். லிஃப்டுக்குப் பக்கத்திலும் வேண்டாம், ராத்திரியெல்லாம் பேச்சுச் சத்தம். மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு மாற்றுத் துணி மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியை வாங்கிக்கொண்டு போனால் சாயங்காலம்தான் அறைக்கு வரும், என் மாமனார் பிரஷர் மாத்திரை இல்லாமல் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கப்பல் கிளம்பினதும் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், இல்லையென்றால் நடுக்கடல் நெட்வொர்க்கில் ஒட்டிக்கொண்டு பில் தலைக்கு மேல் போகும். அயர்ன் பாக்ஸ், கெட்டில் கொண்டுபோகாதீர்கள், பிடுங்கி வைத்து இறங்கும்போதுதான் தருவார்கள். சிங்கப்பூரில் ஏறி சிங்கப்பூரிலேயே இறங்குகிற பயணம் என்றால் ஒருமுறை மட்டும் நுழைகிற விசா போதாது, திரும்பி வருவது இரண்டாவது நுழைவு. சைவம் என்றால் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள், வெங்காயம் பூண்டு வேண்டாமென்றால் அதையும் தனியாக எழுதுங்கள். ஊறுகாய் பாட்டில் எடுத்துப்போகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள்...

மூணாம்_டெக்

யாரும் கேட்கவில்லை சார்.

பயணப்பித்தன்

கேட்காமல் போனவர்கள்தான் தோட்டத்தைப் பார்த்த பால்கனியில் உட்கார்ந்தார்கள்.

இன்ஜின்ரூம்

மூணாம்_டெக் "எந்தக் கம்பெனி சின்னதைக் கட்டும்?" என்று கேட்டார். கட்டுகிறார்கள் சகோ. வைக்கிங் கம்பெனி 2015-லிருந்து ஆயிரம் பேருக்கும் குறைவாக ஏறுகிற கப்பல்களை ஒரே அச்சில் வார்த்த மாதிரி இறக்கிக்கொண்டே இருக்கிறது. ஆனால் டிக்கெட் விலை வேறு உயரம், 18 வயதுக்குக் கீழே அனுமதியும் இல்லை. அலைகடல் பேரப்பிள்ளைகளோடு போக முடியாது. இன்று யாரும் கட்டாதது சின்ன, சாதாரண விலைக் கப்பல். அது வேறு பிரச்சினை, தயவுசெய்து குழப்பாதீர்கள்.

என் கதை வேறு. நான் எண்ணெய் டேங்கர் ஆள். 2020 கடைசியில் துருக்கியில் அலியாகா பக்கம் நங்கூரம் போட்டுக் காத்திருந்தோம், சுத்திகரிப்பு ஆலைக்கு முறை வர வேண்டும். கொரோனா சமயம், கரையில் இறங்க முடியாது. காலை டீயோடு மேலே வந்து பைனாகுலரை எடுத்தேன். அங்கே கப்பல் உடைக்கிற கரை இருக்கிறது. வழக்கமாக சரக்குக் கப்பல்தான் கிடக்கும். அன்று வெள்ளை வெளேரென்று உல்லாசக் கப்பல்கள், வரிசையாக, மூக்கு மணலில் குத்தி நிற்கின்றன. ஒன்றுக்கு முன்பாதி ஏற்கெனவே இல்லை. வெட்டின இடத்தில் அடுக்கடுக்காக அறைகள் தெரிகின்றன, பொம்மை வீட்டை நடுவில் பிளந்த மாதிரி. ஒரு அறையில் திரைச்சீலை இன்னும் தொங்கிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மேல் தளத்தில் ஒரு சறுக்குமரம், நெளிந்து, முழுசாக.

என் கூட நின்ற செகண்ட் இன்ஜினியர் ஒரு கப்பலைக் காட்டி, "அது சாவரின், தெரியுமா?" என்றார். சாவரின் ஆஃப் த சீஸ். 1988-ல் முதல் பயணம் போனபோது உலகத்திலேயே பெரிய உல்லாசக் கப்பல் அதுதான். எழுபத்து மூவாயிரம் டன். "இவ்வளவு பெரிசு எதற்கு" என்று அப்போதும் கேட்டிருப்பார்கள். முப்பத்திரண்டு வருஷத்தில் அதே கப்பலைச் சின்னது, லாபமில்லை என்று உடைக்கக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். சரி, அதை ஓட்டின கம்பெனி கொரோனாவில் நொடித்தது, வயசும் ஆகிவிட்டது, உண்மைதான். ஆனாலும் கார்னிவல் கம்பெனி அதே வருஷம் ஃபேன்டசி, இன்ஸ்பிரேஷன், இமாஜினேஷன் மூன்றையும் அதே கரைக்குத்தான் அனுப்பியது. மூன்றும் எழுபதாயிரம் டன், இரண்டாயிரம் பேர் ரகம். நடுத்தரக் குடும்பம் நாலு நாள் போய்வந்த கப்பல்கள்.

அதனால் சின்னது பெரியது என்று பேசும்போது எந்த வருஷத்துச் சின்னது என்று சொல்லுங்கள். வெனிஸில் 2021 ஆகஸ்டிலிருந்து 25,000 டன்னுக்கு மேல் ஜூடெக்கா கால்வாய்க்குள் வரக்கூடாது. மூணாம்_டெக் ஆப்பிள் கொடுத்த முப்பதாயிரம் டன் கப்பல்கூட வெனிஸுக்குப் பெரியது. அன்டார்டிகாவில் 500 பேருக்கு மேல் ஏற்றின கப்பல் யாரையும் கரையில் இறக்க முடியாது, இறக்கினாலும் ஒரு நேரத்தில் ஓரிடத்தில் நூறு பேர்தான். அங்கே 600 பேரே பூதம்.

எனக்கு நினைவில் நிற்பது டன் கணக்கில்லை. அந்தத் திரைச்சீலைதான். கழற்றக்கூட யாருக்கும் நேரமில்லை.

மூணாம்_டெக்

இன்ஸ்பிரேஷனில் என் மச்சான் மூன்று கான்ட்ராக்ட் வேலை பார்த்தான். அதை உடைக்கிறதை வீடியோவில் பார்த்துவிட்டு ஒரு நாள் சாப்பிடவில்லை. ஒப்புக்கொள்கிறேன், வைக்கிங் விஷயத்தில் நான் சொன்னது தப்பு. சம்பளக் கணக்கு தப்பில்லை.

மாவிட்டபுரத்தான்

ஒரு சின்ன விஷயம். 2023 ஜூனில் சென்னையிலிருந்து எம்பிரஸ் கப்பல் யாழ்ப்பாணத்தில் எங்கட காங்கேசன்துறைக்கு வந்தது. நாப்பத்தெட்டாயிரம் டன், 1990-இல் கட்டினது, உங்கட கணக்கில் கிழடு. இஞ்ச சனம் கடற்கரையில் நின்று பார்த்தது. என்ர சித்தப்பா ஓட்டோவோடு போனார். ஒரு சென்னை அம்மா ஏறி, கோயில் ஒன்றும் வேண்டாம், பனங்கட்டி எங்க வாங்கலாம் என்று கேட்டவாம். மனுசன் சொந்தக்காரர் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்க் பனையோலைக் குட்டானோடு குடுத்துவிட்டார், காசும் வாங்கவில்லை. பிறகு சித்தியிட்ட பேச்சு வாங்கினார்.

இரண்டரை லட்சம் டன் கப்பல் இந்த ஜென்மத்தில் காங்கேசன்துறைக்கு வராது. வந்தாலும் ஐயாயிரம் பேருக்குப் பனங்கட்டிக்கு எங்க போறது?

வெள்ளவத்தை_லண்டன்

இதைத்தான் நான் சொன்னனான். பெரிசு போகாத துறை.

அலைகடல்

எல்லாருக்கும் நன்றி. பயணப்பித்தனுக்கும்தான், ஊறுகாய் பதிலை முடிக்கவில்லை, அம்மா காத்திருக்கிறார்.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் முழுசையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆப்பிள் கதைக்குச் சிரித்தார். பனங்கட்டிக்கு, "அந்த அம்மா விவரமானவ" என்றார். உடைக்கிற கரை வந்ததும் வாசிப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டு, இன்ஜின்ரூமிடம் ஒன்று கேட்கச் சொன்னார். அந்தத் திரைச்சீலை தொங்கின அறை, அதற்கு பால்கனி எந்தப் பக்கம் இருந்தது?

இன்ஜின்ரூம்

பால்கனி பார்த்த ஞாபகம் இல்லை அம்மா. அந்தக் காலத்துக் கப்பலில் அது அபூர்வம். ஜன்னல் மட்டும்தான் இருக்கும். இருந்தால் கடல் பக்கம்.